விறைப்பு வேறு, உணர்வு வேறு, உச்சம் வேறு

ஸ்பைனா பிஃபிடாவோடு, அதாவது கருவிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிளவாக நின்றுவிடும் குறைபாட்டோடு, பிறந்து வளர்ந்த ஒரு ஆணிடம் அவனுடைய சிறுநீர்ப்பையைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவான். எத்தனை மில்லி கொள்ளும், எந்த அளவைத் தாண்டினால் அழுத்தம் ஏறும், சிறுநீரை வடிக்கச் செருகும் கதீட்டர் குழாயில் எந்த எண் சரிவரும் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்தச் சிறுநீர் வெளியேறும் உறுப்பின் இன்னொரு வேலையான பாலுறவைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பேச்சை யாரும் அவனோடு தொடங்கியதே இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு முதுகின் கீழ்ப்பகுதியில், லம்பார் மட்டத்தில் பிளவு. தலையில் ஷண்ட் இருக்கிறது, மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய். காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு ஊன்றுகோலோடு நடப்பேன், தூரம் என்றால் சக்கர நாற்காலி. பதின்வயதில் ஒருமுறை, அம்மா ஏதோ சீட்டு வாங்க வெளியே போன நேரம் பார்த்து, மருத்துவரிடம் துணிந்து கேட்டுவிட்டேன். "அதெல்லாம் இப்போ எதுக்கு தம்பி, முதல்ல கிட்னியைப் பார்ப்போம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் கிட்னி இன்றைக்கும் நன்றாக இருக்கிறதென்றால் அவரும் ஒரு காரணம். ஆனால் அந்த 'முதல்ல' முடியவே இல்லை.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்களில் பெரும்பாலோருக்குப் பிளவோடு சேர்ந்து மூளையிலும் நீர் தேங்கும். 1950-களின் நடுப்பகுதி வரை அப்படிப் பிறந்த குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. 1955ல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளிக்கு ஸ்பைனா பிஃபிடாவோடு ஒரு மகன் பிறந்தான். நீரை வடிக்கிற குழாய்கள் திரும்பத் திரும்பப் பழுதாவதைப் பார்த்த அந்தத் தகப்பன், யூஜின் ஸ்பிட்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து ஒருவழி வால்வு ஒன்றை உருவாக்கினார். அந்த வால்வும் அதன் வழிவந்தவையும்தான் ஒரு தலைமுறையையே காப்பாற்றின. அடுத்த எமன் சிறுநீரகம். 1972ல் ஜாக் லேப்பிடிஸ் என்ற யூராலஜி மருத்துவர், கிருமி நீக்கம் செய்த கதீட்டர் அவசியமில்லை, சுத்தமாக இருந்தால் போதும், நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டு எடுக்கலாம் என்று எழுதினார். இன்று நாங்கள் நாள்தோறும் செய்வது அதைத்தான்.

முதலில் மூளை, பிறகு சிறுநீரகம், அப்புறம் ஈரமாகாத உள்ளாடை. உயிர் பிழைக்க எது அவசரமோ அந்த வரிசையில் மருத்துவம் வளர்ந்தது. படுக்கையறை கடைசியில் நின்றது. நாங்கள் நடுவயதைத் தொடுவோம் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. பழைய மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் தலை நரைத்து எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே வரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்மேல்தான் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "உன்னால முடியுமா?" என்று நெருங்கிய நண்பர்கள் கேட்பார்கள். மற்றவர்கள் கேட்காமல் மனதுக்குள்ளேயே ஒரு பதிலை வைத்துக்கொள்வார்கள். ஆம் அல்லது இல்லை என்று ஒரே பதிலை எதிர்பார்க்கும் கேள்வி அது. உண்மையில் அதற்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் உண்டு. இது எனக்குப் பதினெட்டு வயதில் தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆணுறுப்பு விறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தொடுவதால் வருவது. தொட்ட சேதி தண்டுவடத்தின் அடியில் இருக்கும் சாக்ரல் 2 முதல் 4 வரையான நரம்புகளுக்குப் போய், மூளையைக் கேட்காமலேயே திரும்பி வந்துவிடும். இன்னொன்று மனசால் வருவது. ஒரு முகம், ஒரு குரல், ஒரு நினைவு போதும். அந்தக் கட்டளை மூளையிலிருந்து இறங்கி, நெஞ்சுப்பகுதியின் கடைசி நரம்புகளும் லம்பாரின் முதல் இரண்டு நரம்புகளும் இருக்கும் இடத்தில் வெளியேறும். விந்து உள்ளே திரண்டு நகர்வது இந்த மேல்வழியின் வேலை. அதை வெளியே பீய்ச்சுவது கீழ்வழியின் வேலை. தோலின் உணர்வைச் சுமக்கும் நரம்பு தனி, அதுவும் சாக்ரல் பகுதிக்கே போய்ச் சேர்கிறது. உச்சம் நடப்பதோ மூளையில். விந்தில் உயிரணு இருக்கிறதா என்பது இவை எதையும் சாராத, விதைப்பைக்குள் இருக்கும் விதையின் கணக்கு.

ஆகவே ஒருவருக்கு விறைப்பு நன்றாக வரும், தொட்டால் ஒன்றும் தெரியாது. இன்னொருவருக்கு உணர்வு இருக்கும், விறைப்பு பாதியில் தளரும். விறைப்பும் உணர்வும் இல்லாமலேயே உச்சத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விந்து சொட்டுச் சொட்டாகக் கசிவதை ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பொதுவாக, பிளவு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வாய்ப்புகள் மேல். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் மட்டத்தை வைத்து யாருடைய படுக்கையறையையும் கணித்துச் சொல்ல முடியாது. விபத்தில் அடிபட்ட தண்டுவடம் முழுதாக உருவான பிறகு சேதமடைந்தது. எங்களுடையது கருவிலேயே அரைகுறையாக உருவானது. மின்தடை நேரத்தில் ஒரே தெருவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடுகளில் மட்டும் விளக்கு எரிவதுபோல, எதிர்பாராத இடத்தில் நரம்பு வேலை செய்யும், பக்கத்திலேயே செத்திருக்கும். தண்டுவடக் காயம்பட்டவர்களுக்காக எழுதிய கையேட்டை எங்கள் கையில் கொடுத்து அனுப்புவது அதனால்தான் சரிப்படுவதில்லை.

அவர்களுக்கும் எங்களுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. விபத்துக்கு முன் எப்படி இருந்தது என்ற நினைவு அவர்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. மற்ற ஆண்களுக்கு என்ன தெரிகிறது என்பதே தெரியாது. இதை ஒரு வசதி என்றுகூடச் சொல்லலாம், இழந்ததை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் எதை எதிர்பார்ப்பது, எதைக் கேட்பது என்பதும் தெரியாமல் போகிறது.

இந்தத் தெரியாமை சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது. கதீட்டர் போடும்போது சின்னப் பையனுக்கு விறைப்பு வருவது சாதாரணம், தொடுவதால் வரும் அனிச்சைச் செயல் அது. ஆனால் போடுகிற கை அம்மாவுடையதாகவோ நர்ஸ் அக்காவுடையதாகவோ இருக்கும். அவர்கள் முகம் மாறும், பையன் சுருங்கிப்போவான். "இது தானா வர்றதுதான், நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அதைச் சொல்ல ஆளில்லாமல், தன் உடம்பில் ஏதோ தப்பு என்று நினைத்து வளர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறந்ததிலிருந்து எத்தனையோ கைகள் எங்கள் உடம்பைத் தொட்டிருக்கின்றன. ஆடையை விலக்கச் சொன்னால் யோசிக்காமல் விலக்கிப் பழகியவர்கள் நாங்கள். மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், அனுமதி கேட்பவர்கள் குறைவு. இப்படி வளரும் பையனுக்கு, தன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற எல்லைக்கோடு மங்கிப்போகிறது. உடல் ஊனமுள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்பது தெரிந்த செய்தி. அதனால் பையனின் கை பழகியவுடன் கதீட்டரை அவனிடமே கொடுத்துவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். சிறுநீர்ப் பிரச்சினைக்கும் மேலே, இது என் உடம்பு என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவனுக்கு வருகிறது. மூளையில் நீர் கோத்த பிள்ளைகளில் சிலருக்குப் பூப்பு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிடும், பெண்பிள்ளைகளிடம் அதிகம் என்றாலும் பையன்களுக்கும் உண்டு. ஆகவே இன்னும் சின்னப் பையன்தானே என்று பேச்சைத் தள்ளிப்போடவும் முடியாது.

விறைப்புக்கு மாத்திரை இருக்கிறது. வயாக்ரா என்று பெயர்பெற்ற சில்டெனஃபிலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998ல். அடுத்த ஆண்டே, ஸ்பைனா பிஃபிடா உள்ள ஆண்களுக்கும் அது பலன் தருகிறது என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நரம்பு முழுக்கச் செத்திருந்தால் மாத்திரைக்குப் பிடிமானம் கிடைக்காது. ஓரளவு மிச்சம் இருந்தால் அதைப் பெருக்கிக் கொடுக்கும். ஆசையை அது உண்டாக்காது, மரத்துப்போன தோலுக்கு உணர்வையும் கொண்டுவராது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நண்பன் கொடுத்தான் என்று வாங்கிப் போடாமல் மருத்துவரைப் பார்த்தே எடுங்கள்.

மாத்திரை பலிக்காவிட்டால் உறுப்பிலேயே போடும் ஊசி, காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் ரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் குழாய், கடைசியாக உள்ளே பொருத்தும் கருவி என்று மற்ற வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு, வலி தெரியாது என்பது. நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஊசி மருந்தே வேகமாக வேலை செய்யும், ஆகவே சின்ன அளவில்தான் தொடங்குவார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். மற்றவரை வலியே எழுப்பிவிடும், எங்களுக்கு அந்த உதவி இல்லை. வெற்றிடக் குழாயோடு போடும் வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கழற்றுங்கள். உள்ளே பொருத்தும் கருவி தோலை அரித்து வெளியே வரும் அபாயமும் உணர்வில்லாத இடத்தில் கூடுதல்.

உணர்வைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவர்கள் பேசும்போதுகூட விறைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அளக்க முடிவது அதுதானே. திருமணமான புதிதில் என் மனைவி கேட்டாள், "இங்க தொட்டா தெரியுதா?" தெரியவில்லை என்றேன். "அப்போ எங்கதான் தெரியும் உங்களுக்கு?" எனக்கே பதில் தெரியாது. இருவரும் சேர்ந்து தேடினோம். மரத்த இடமும் உணர்வுள்ள இடமும் சந்திக்கும் விளிம்பு பலருக்குக் கூர்மையாக இருக்கும். எனக்குத் தொடையிடுக்கின் மேல்பகுதி அப்படி. அப்புறம் கழுத்து, காதின் பின்புறம், மார்புக்காம்பு. உச்சம் நடப்பது மூளையில் என்று மேலே எழுதினேனே, அதை நான் பாடமாகப் படித்தது பின்னால்தான்.

உணர்வை அறுவை சிகிச்சையால் கொண்டுவரும் முயற்சியும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் மாக்ஸ் ஓவர்கூர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்வது டோமாக்ஸ் என்ற அறுவை. தொடையிடுக்குக்கு உணர்வு தரும் நரம்பு லம்பார் முதல் மட்டத்திலிருந்து வருவதால் எங்களில் பலருக்கு அது உயிரோடு இருக்கும். அதை வெட்டி எடுத்து, ஆணுறுப்பின் மேல்பக்கத்து நரம்போடு இணைக்கிறார்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும், ஆகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2013ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஸ்பைனா பிஃபிடாவோ தண்டுவடக் காயமோ உள்ள 30 ஆண்களில் 24 பேருக்கு உறுப்பின் ஒரு பக்கத்தில் உணர்வு வந்திருந்தது. உறுப்பைத் தொட்டால் முதலில் தொடையிடுக்கைத் தொட்டதுபோல் இருக்கும். மூளை பழகப் பழக அது இடம் மாறும், எல்லோருக்கும் இல்லை.

எனக்கு இந்த அறுவையின்மேல் மரியாதை உண்டு. அது நல்ல விறைப்பைத் தருவதற்கான சிகிச்சை இல்லை. ஒரு ஆண் தன் உடம்பை உணர விரும்புவது நியாயமான ஆசை என்று ஒத்துக்கொண்டு செய்யும் சிகிச்சை, மருத்துவத்தில் அது அபூர்வம். ஆனாலும் நான் செய்துகொள்ள மாட்டேன். நரம்பு எடுத்த இடம் மரத்துப்போகும், அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. இருபது வயதில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

உறவுக்கு முன் கதீட்டர் போட்டுச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொள்வது கசிவைப் பெரிதும் குறைக்கும். குடலும் அப்படியே, ஒரு நேரம் வைத்துக் கழுவிப் பழகியவர்களுக்கு அன்றைய கவலை பாதி தீர்ந்தது. எவ்வளவு செய்தாலும் ஒருநாள் கசியத்தான் செய்யும். முன்பே சொல்லிவைத்து, பக்கத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டால் அது பெரிய விஷயமே இல்லை. இந்த வெட்கத்துக்குப் பயந்துதான் எங்களில் பலர் யாரையும் நெருங்கவிடுவதில்லை என்று நினைக்கிறேன், விறைப்புக்குப் பயந்து அல்ல. ஆளுக்குத் தெரியாத புண்ணும் ஒரு தொல்லை. உணர்வில்லாத தோல் உராய்ந்து கிழிந்தாலும் தெரியாது. ஆகவே உராய்வு குறைக்கும் ஜெல் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முடிந்தபின் முழங்கால், இடுப்பு, பின்புறம், உறுப்பு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், எட்டாத இடத்துக்குக் கண்ணாடி இருக்கிறது.

ஆணுறை விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். பிறந்த நாளிலிருந்து அறுவை சிகிச்சைக் கையுறைகளும் ரப்பர்க் குழாய்களும் பட்டுப்பட்டு எங்களில் பலருக்கு லேட்டக்ஸ் எனும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை வந்துவிடுகிறது. 1991ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே லேட்டக்ஸ் மருத்துவப் பொருட்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஒவ்வாமை அரிப்போடு நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை, மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடையில் பரவலாகக் கிடைக்கும் ஆணுறை லேட்டக்ஸ்தான். பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஆட்டுக்குடலால் செய்தது கர்ப்பத்தைத் தடுக்கலாம், பால்வினைக் கிருமிகளை முழுதாகத் தடுக்காது. வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதென்றால் லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு தடயம்.

வலி தெரியாததால் நோயும் ஒளிந்துகொள்கிறது. விதை முறுக்கிக்கொண்டால் மற்றவர் துடித்துப்போவார்கள், எங்களுக்கு வீக்கமோ குமட்டலோ மட்டும் இருக்கலாம். கதீட்டர் போடுபவர்களுக்கு விதையை ஒட்டிய குழாயில் தொற்று வருவது சகஜம், காய்ச்சலும் வீக்கமும்தான் அடையாளம். விதை இறங்காமல் பிறப்பதும் எங்களில் கூடுதல். அதை ஒரு வயதை ஒட்டிச் சரிசெய்யாமல் விட்டால் பின்னாளில் குழந்தைப்பேறும் பாதிக்கலாம், விதையில் புற்றுநோய் வாய்ப்பும் ஏறும். ஆகவே மாதம் ஒருமுறை குளிக்கும்போது விதைகளை உருட்டிப் பாருங்கள். விதைப்பைக்கு உணர்வில்லை என்றாலும் விரல்களுக்கு உண்டு. அதேபோல், இதுவரை வந்துகொண்டிருந்த விறைப்பு காரணமில்லாமல் குறைந்தாலோ, கசிவு கூடினாலோ, கால் பலம் குறைந்தாலோ, தண்டுவடம் தழும்பில் ஒட்டி இழுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விறைப்பில் வந்த மாற்றத்தை வெட்கத்தால் மறைத்தால், நரம்பு மருத்துவருக்கு முக்கியமான ஒரு தடயம் போய்விடும்.

குழந்தை. இதிலும் ஆம், இல்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதுதான் நடக்கிறது. "உனக்குப் பிறக்காது" என்று கேட்டு வளர்ந்தவர் எச்சரிக்கையில்லாமல் இருந்து அப்பா ஆகியிருக்கிறார். "எல்லாம் சரியாகும்" என்று கேட்டவர் பரிசோதனைக்கே போகாமல் ஆண்டுகளைக் கழித்திருக்கிறார். எங்களில் உயிரணு குறைவாகவோ இல்லாமலோ இருப்பவர்கள் பொது அளவைவிட அதிகம். சிலருக்கு விதையிலேயே உற்பத்தி குறைவு, சிலருக்குத் தொற்றால் பாதை அடைப்பு. சிறுநீர்ப்பையின் வாய் சரியாக மூடாததால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு. அப்படிப் போனதைச் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுக்கலாம். விந்து வராதவர்களுக்கு அதிர்வுக் கருவி இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய சாக்ரல் அனிச்சைச் சுற்று உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எங்களில் பலருக்கு மின்தூண்டலோ விதையிலிருந்து ஊசியாலோ அறுவையாலோ எடுப்பதோதான் வழி. 1992ல் பிரஸ்ஸல்ஸில் வெற்றிகண்ட முறை ஒன்றில் ஒரே ஒரு உயிரணுவை நேரே முட்டைக்குள் செலுத்துகிறார்கள், அது வந்தபின் விதையில் கொஞ்சம் உயிரணு கிடைத்தாலும் நம்பிக்கை உண்டு. முதல் படி மட்டும் சாதாரணமானது, விந்துப் பரிசோதனை. குழந்தை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதைச் செய்துகொள்ளுங்கள்.

நம்முடைய பிள்ளைக்கும் இது வருமா என்று கேட்பீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு ஸ்பைனா பிஃபிடா இருந்தால் நூற்றுக்கு 3 முதல் 4 வரை வாய்ப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். பொது அளவைவிட அதிகம்தான், ஆனால் கதவைச் சாத்திவிடும் எண் இல்லை. 1991ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஆய்வில், முன்பு இப்படி ஒரு கர்ப்பம் கண்ட பெண்கள் நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்ற பெண்களுக்குச் சொல்லும் 0.4 மில்லிகிராமைப்போல் அது பத்து மடங்கு. பாதிப்பு ஆணுக்கு இருந்தாலும் இந்த உயர் அளவு மாத்திரையை எடுக்க வேண்டியது கருத்தரிக்கும் பெண், மருத்துவர் சீட்டின்பேரில். பல குடும்பங்களுக்கு இந்தச் சேதி போய்ச் சேருவதே இல்லை, கர்ப்பப் பரிசோதனையில் அப்பாவின் முதுகைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் முன்கூட்டியே. கரு உருவாகி ஏறத்தாழ 28 நாளில் தண்டுவடமாக மாறும் குழாய் மூடிவிடும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரையைத் தொடங்கினால் குழாய் மூடுகிற நேரம் கடந்துவிடலாம். குழந்தைக்கு முயற்சி செய்ய நினைப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாவது, முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12-வது வாரம் வரை எடுக்கச் சொல்லுங்கள்.